ஒரு வீடும் பல கொடிகளும்

தூத்துக்குடிக்கு ரயில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த ஊருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வேன். ஊரைப் பற்றிய புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனால், இறங்கிய பிறகும் கண்ணுக்குப் புத்தகந்தான் தெரிகிறது, ஊர் தெரிவதில்லை. போன தடவை முத்துநகர் எக்ஸ்பிரஸில் எனக்குத் துணையாக வந்தது அமெரிக்காவின் ஆடம்ஸ் குடும்பத்துக் கதை.

வேடிக்கையான குடும்பம் அது. ஜான் ஆடம்ஸ் குடியானவர் வீட்டுப் பிள்ளை. வக்கீலாகி, சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, 1797-ல் அந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியானார். அவர் மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் 1825-ல் ஆறாவது ஜனாதிபதி. இருவரும் நான்கு நான்கு வருஷந்தான் இருந்தார்கள். மறுபடி நின்றபோது ஜனங்கள் இருவரையுமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா பேசாமல் பண்ணைக்குப் போய்விட்டார். பிள்ளை அப்படிப் போகவில்லை. ஜனாதிபதியாக இருந்த மனிதர், சாதாரண அங்கத்தினராகப் பிரதிநிதிகள் சபைக்கு நின்று ஜெயித்து, 1831 முதல் 17 வருஷம் அங்கே உட்கார்ந்து, அடிமை முறைக்கு எதிராக வரும் மனுக்களைச் சபை காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 1848 பிப்ரவரியில் சபையிலேயே சுருண்டு விழுந்தார். இரண்டு நாள் கழித்து அதே கட்டடத்தில் உயிர் பிரிந்தது.

அவருடைய மகன் சார்லஸ் பிரான்ஸிஸ், உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் லண்டனில் தூதராக இருந்தார். இங்கிலாந்து தென் மாநிலங்களின் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நான்காம் தலைமுறையில் ஹென்றி ஆடம்ஸ். அவர் தேர்தல் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பாட்டனும் முப்பாட்டனும் குடியிருந்த வெள்ளை மாளிகைக்கு எதிர்ப்புறம் வீடு கட்டிக்கொண்டு, சரித்திரம் எழுதினார். தன் வாழ்க்கைக் கதையையே 'அவன்' என்று மூன்றாம் மனிதனைப் போலச் சொல்லிக்கொண்டு போன ஆசாமி.

வாஞ்சி மணியாச்சியில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. பொதுக் காரியம் என்பதை நிலம் நீச்சைப் போல அப்பன் பிள்ளைக்கும் பிள்ளை பேரனுக்கும் விட்டுப் போகிற ஒரு வீடு. அது எத்தனை தலைமுறை தாங்கும்? யாருக்காகத் தாங்கும்? இந்த யோசனையோடுதான் தூத்துக்குடியில் இறங்கினேன்.

என்னை அழைத்துப் போக வந்திருந்த நண்பர், கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் ஆடம்ஸ் கதையைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு தலைமுறைக்கு அண்ணாச்சி அமெரிக்காவுக்குப் போயிட்டியளே! மாதா கோயில் பக்கம் வாங்க. நானூறு வருஷக் கணக்குச் சொல்லுதேன்."

அவர் சொன்னது ஜாதித் தலைவர் வீட்டை. பாண்டியபதி என்பது அந்த வீட்டின் இன்னொரு பட்டம். முத்துக்குளித் துறையில் பரதவர் குலத்துக்குத் தலைமை தாங்கிய பரம்பரை. அந்தப் பட்டத்தின் மற்றோர் உருவம் எனக்கு மிகவும் பிடித்தது: 'தலைவமோர்'. தமிழ்த் தலைவனுக்குப் பின்னால் 'மோர்' என்று ஒரு போர்த்துகீசிய வால். அந்தப் பாஷையில் 'மோர்' என்றால் பெரிய என்று அர்த்தம். ஆகப் பெரிய தலைவர். ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு ராஜ்யம் குடியிருக்கிறது. அந்த வீட்டின் கதையும் அதுதான்.

முத்தின் கதை அதைவிடப் பழையது. கொற்கை முத்து பாண்டியனுடைய கிரீடத்துக்கும் போயிற்று, ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதுக்கும் போயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தக் கடல்களைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்த கிரேக்க மாலுமி ஒருவர், கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்றும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் கணக்கு எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா? அடியில் இறங்குகிறவன் ஒருத்தன். மேலே நின்று பங்கு கேட்கிறவர்கள் பலர். முத்துக் கடலின் சரித்திரம் நெடுகிலும் இந்தக் கணக்கு மாறவே இல்லை. பங்கு கேட்கிறவர்களின் கொடிதான் மாறிக்கொண்டு வந்தது.

1530-களில் இந்தக் கரையில் பெரிய சண்டை மூண்டது. முத்துத் துறைகளின் குத்தகை யார் கையில் இருப்பது என்பதுதான் அடிப்படை. பரதவர் ஒரு பக்கம், கடல் வாணிபத்தில் செல்வாக்காக இருந்த முஸ்லிம்கள் ஒரு பக்கம். தூத்துக்குடிச் சந்தையில் ஒரு பரதவரின் காதைக் கடுக்கனோடு அறுத்துவிட்டார்கள் என்றும் அதிலிருந்துதான் தீப்பற்றியது என்றும் பாதிரிமார் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. காது அறுந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு காதுக்காக ஒரு கரை முழுவதும் பற்றி எரியாது; அதற்கு முன்பே விறகு அடுக்கியிருக்க வேண்டும்.

அப்போது கன்னியாகுமரிப் பக்கம் குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் ஜான் த க்ரூஸ் என்பவர். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மதம் மாறித் திரும்பியவர். கொச்சியில் இருக்கும் போர்த்துகீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள், கப்பற்படை வரும் என்று அவர் யோசனை சொன்னார். முதலில் 15 பட்டங்கட்டிகள் போனார்கள். பின்னர் 70 பேர் போனார்கள். பட்டங்கட்டி என்றால் கடற்கரை ஊரின் தலைவர். எல்லாப் பட்டங்கட்டிகளுக்கும் மேலே இருந்தவர் விக்கிரம ஆதித்த பாண்டியன் என்று வழிவழிச் செய்தி. அவரும் ஞானஸ்நானம் பெற்று அதே ஜான் த க்ரூஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். 1536, 37-ல் கொச்சியிலிருந்து மிகேல் வாஸ் என்ற குரு வந்து, சுமார் 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1538-ல் வேதாளைக் கடலில் போர்த்துகீசியர், சாமூதிரியின் கப்பற்படையைத் தோற்கடித்தார்கள். பேச்சு பேச்சாக முடிந்தது. சொன்னபடி கப்பற்படை வந்தது.

இந்த மதமாற்றத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பக்தி என்பார் ஒருவர். பிழைப்பு என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும். மூச்சு முட்டுகிறவன் கையை நீட்டுகிறான். பிடித்துத் தூக்கிய கையை அப்புறம் முத்தமிடுகிறான். முதலாவது பிழைப்பு, இரண்டாவது பக்தி. இரண்டும் ஒரே மனிதனுக்கு நடக்கக்கூடாதா என்ன?

புதிய ராஜாவும் பங்கு கேட்டார். பரதவர் ஆண்டுதோறும் 4,000 பணம் கட்ட வேண்டும். அது போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கு! 1542-ல் வந்த பிரான்சிஸ் சேவியர் அந்தச் செருப்புப் பணத்தைக் கேட்டு வாங்கி, கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1544-ல் வடுகர் படை கரையோரம் புகுந்து அடித்தபோது, ஜனங்கள் குமரிமுனைப் பாறைகளில் சோறு தண்ணீர் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தார்கள். சேவியர் தோணிகளில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போக முயன்று, எதிர்க்காற்றில் திரும்பி, பின்னர் தரை வழியாகப் போய்ச் சேர்ந்தார். கொடி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பாறைகள் நல்ல பாடம்.

இப்படித்தான் ஜாதித் தலைவரின் வேலை என்னவென்று நமக்குப் புலப்படுகிறது. கரையை ஆள்கிறவனுக்குக் கடல் தெரியாது. எந்தப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது, எத்தனை தோணி வரும், எத்தனை குளியாள் கிடைப்பான், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் அவனுக்கு எட்டாத விஷயம். தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு தலைவர் வீட்டுக் கதவு. உள்ளேயிருக்கிற ஜனங்களுக்கும் அதே கதவுதான். வரி அதிகம், வடுகன் வந்தான், கேப்டன் அடித்தான் என்று எந்தப் புகாரும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போயிற்று. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு கடல்துறைகளுக்கும் அந்த ஒரு வாசல்.

தேர்தல் இல்லை, வாக்குச் சீட்டு இல்லை. ஆனால் கடல் ஜனங்களிடம் வேறொரு சீட்டு இருந்தது. பிடிக்காவிட்டால் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாயக்கர் அதிகாரிகளின் தொந்தரவு பொறுக்காமல், தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுக்கு ஊரே பெயர்ந்து போய் இருந்தது. குளியாள் இல்லாத முத்துப்பாருக்கு ராஜா என்ன, தலைவர் என்ன?

1658-ல் டச்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கப் பாதிரிமாரைத் துரத்தினார்கள், கோயில்களைப் பிடுங்கிக்கொண்டார்கள், தங்கள் போதகரைக் கொண்டுவந்து பிரசங்கம் செய்வித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டமாக மதம் மாறிய அதே ஜனங்கள், இப்போது ஒரு கூட்டமாக மாற மறுத்தார்கள். பனிமய மாதா சொரூபத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய கதை இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. டச்சுக்காரர் வியாபாரிகள் அல்லவா? முத்தும் சங்கும் வேண்டும். வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு இந்தக் கடல் சங்குதான் போக வேண்டும். ஆன்மாவைக் கைவிட்டுச் சங்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஜாதித் தலைவரை அங்கீகரித்தார்கள், மரியாதை செய்தார்கள். 1713-ல், டச்சுக் கொடியின் கீழேயே, இப்போது நாம் பார்க்கும் பனிமய மாதா கோயில் எழும்பியது. பக்கத்துத் தெருவில் 1750-ல் டச்சுக்காரர் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். ஒரே ஊர், இரண்டு கோயில், ஒரே முத்து!

இந்த வம்சத்தில் என் மனசைக் கவர்ந்தவர் ஒருவர் உண்டு. தொன் கபிரியேல் த க்ரூஸ் கோமஸ். ஊர் அவருக்கு வைத்த பெயர் தேர்மாறன். ஏன் அந்தப் பெயர் என்று சொல்வதற்கு முன்னால், அவர் காலத்தில் தூத்துக்குடி பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். 1782-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1785-ல் டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடி பிடித்தார்கள். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடிக்குள் புகுந்து கொஞ்ச நாள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். 19 வருஷத்தில் நான்கு தடவை எஜமானன் மாறினான்! ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு தட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் யாருக்கு வணக்கம் சொல்வது, யாரிடம் பேசாமல் இருப்பது, அதனால் குளியாளின் குடிசைக்கு என்ன வரும் என்று யோசித்துத்தான் திறந்திருக்க வேண்டும். அதே 1801-ல் அமெரிக்காவில் ஜான் ஆடம்ஸ் தேர்தலில் தோற்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பண்ணை வீடு காத்திருந்தது. கபிரியேல் எங்கே போவார்?

இப்படி அலைக்கழிந்த ஊரில் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தேர் செய்தார். தங்கத் தேர். 53 அடி உயரம். 1806 பிப்ரவரி 2-ஆம் தேதி தூத்துக்குடி வீதியில் மாதாவை ஏற்றி முதல் ஓட்டம் ஓடியது. திருச்செந்தூர்த் தேருக்கு வடம் தொட்டுக் கொடுக்கும் மரியாதை இந்த வீட்டுக்கு இருந்தது என்றும், மதத்தின் பெயரால் அதற்குத் தடை வந்தபோது, அங்கே விட்ட தேரை இங்கே செய்து பார்த்தார் என்றும் ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் தேர் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வடம் பிடிக்க ஏழு துறை ஜனங்களும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். யார் முன்னால் நிற்பது, யாருக்கு எந்த மரியாதை என்பது தீர்மானமாக வேண்டும். அதைத் தீர்மானிக்கிறவர் தலைவர். கோட்டையும் பீரங்கியும் யார் யார் கைக்கோ போய்க்கொண்டிருந்தபோது, எவனாலும் பிடிக்க முடியாத ஒன்றை அவர் ஊருக்கு நடுவில் நிறுத்திவைத்தார். பக்தியும் இருந்தது, ராஜதந்திரமும் இருந்தது. அந்த மாதாவுக்குப் போர்த்துகீசியப் பெயர் தஸ்நேவிஸ். கடற்கரையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான் பெயர்.

அந்தத் தேர் வருஷாவருஷம் ஓடுவதில்லை. நினைத்து நினைத்து, பத்து இருபது வருஷத்துக்கு ஒரு தடவை ஓடும். கடைசியாக 2013-லும் 2023-லும் ஆகஸ்டு 5-ஆம் தேதி திருநாளில் ஓடியது. 2013-ல் நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். செருப்பு ஒன்று காணாமற் போனதுதான் கண்ட பலன் என்று வீட்டில் கேலி செய்தார்கள். நான் கண்டது வேறு. அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

1818-ல் டச்சுக்காரரிடம் திரும்பப் போன தூத்துக்குடி, 1825 ஜூன் 1-ஆம் தேதி ஆங்கிலேயருக்கே நிரந்தரமாக வந்து சேர்ந்தது. அவர்களும் தலைவரை ஒதுக்கவில்லை. முத்துக்குளிப்பு நடந்தால் அவருக்கென்று பங்கு உண்டு. 1890-ல் நடந்த குளிப்பில்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கடல் ஒத்துழைக்கவில்லை. முத்துப்பார் என்பது நெல் வயல் அல்ல. சிப்பிக் குஞ்சு எங்கோ மிதந்து வந்து பாரில் ஒட்ட வேண்டும். திருக்கையும் கிளாத்தியும் தின்னாமல், மணல் மூடாமல், நாலைந்து வருஷம் பிழைத்திருக்க வேண்டும். 1860-களின் தொடக்கத்தில் குளித்தவர்கள், அப்புறம் 1889 வரை காத்துக் கிடந்தார்கள். கால் நூற்றாண்டு! தகப்பன் குளித்ததைப் பிள்ளை காதால் மட்டும் கேட்டான்.

இதற்குள் தூத்துக்குடியில் வேறு பணம் வந்துவிட்டது. பஞ்சு வந்தது, ரயில் வந்தது, கொழும்புக்குக் கப்பல் ஓடியது. தோணி ஓட்டியும் வியாபாரம் செய்தும் நிமிர்ந்த புதிய பணக்காரர்கள், தலைவர் வீட்டாருக்கும் அவர்களைச் சேர்ந்த மேசைக்காரர்களுக்கும் கோயிலில் ஏன் முதல் மரியாதை என்று கேட்டார்கள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மேசைக்காரர்கள். பெயரிலேயே குத்தல் இருக்கிறது. கோவா குருமார் ஒரு கட்சி, ரோமாபுரி அனுப்பிய குருமார் ஒரு கட்சி என்று திருச்சபையும் இரண்டாகப் பிரிந்து நின்றதால் சண்டைக்கு எண்ணெய் கிடைத்தது. தகராறு, மனு, வழக்கு. ராஜாக்களோடு பேசிப் பழகிய வீடு, இப்போது சொந்த ஜனங்களோடு வழக்காடியது. ஒரு பரம்பரையின் சரிவைப் பார்க்க வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும். வெளியேயிருந்து யாரும் வந்து தள்ளிவிடவில்லை.

1866-ல் தூத்துக்குடிக்கு நகரசபை வந்தது. கதவு இப்போது இரண்டாகிவிட்டது. இரண்டாவது கதவைத் திறந்தவர்களில் பெரியவர் குரூஸ் பர்னாந்து. 1869-ல் பிறந்தவர். அதே பரதவர் குலம். ஆனால் பாண்டியபதி வீட்டுப் பிள்ளை அல்ல. 1909-லிருந்து 1927 வரை ஐந்து தடவை நகரசபைத் தலைவராக இருந்தார். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் தங்கம் கிடைக்கும், முத்துக் கிடைக்கும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. தோண்டிய கிணறெல்லாம் உப்பு. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டும் என்று அந்த மனிதர் பிடித்த பிடிவாதம் 1927-ல் நிறைவேறியது. 1930-ல் காலமானார். ஊரில் அவருக்குச் சிலை நிற்கிறது. தூத்துக்குடியின் தந்தை என்கிறார்கள். நானூறு வருஷத்துப் பட்டம் தேரைக் கொடுத்தது, ஐந்து தடவை வாங்கிய பதவி தண்ணீரைக் கொடுத்தது என்று ஒப்பிட்டு எழுதிவிடலாம், சுலபமான வாக்கியம். அது நியாயமல்ல. 1544-ல் குமரிப் பாறையில் கிடந்தவனுக்கு நகரசபையால் என்ன பிரயோஜனம்? அவனுக்குத் தேவைப்பட்டது ராஜாவின் காதுக்கு எட்டும் ஒரு குரல்.

பட்டம் மெல்ல மெல்ல வெறும் மரியாதையாகத் தேய்ந்தது. அந்தத் தேய்வை நாவலாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஜோ டி குரூஸின் 'கொற்கை'யைப் படிக்கலாம். 2013-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நாவல். பெரிய புத்தகம், கையில் வலு வேண்டும்.

முத்துக்குளிப்பும் நின்றுவிட்டது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புத்தான் கடைசி. 1973-ல் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு மூச்சடக்க வேண்டியதில்லை. கத்தியும் பொறுமையும் போதும்.

கடைசிக் குளிப்பில் இறங்கியவர்களில் ஒருவரிடம் மாலையில் நண்பர் என்னைக் கூட்டிப் போனார். வயது 85. காது மந்தம்; கடலில் போன காது என்றார். கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: நடுச்சாமம் கழிந்து கரைக்காற்றில் தோணி புறப்படும், விடிந்ததும் பாரில் நிற்கும். காலில் கல்லைக் கட்டிய கயிறு. இன்னொரு கயிற்றில் சிப்பிக்கூடை. எட்டு பாகம், ஒன்பது பாகம் ஆழம். ஒன்றரை நிமிஷத்துக்குள் அள்ளியது அள்ளியதுதான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளுக்கு.

"கயித்தை மேலே யார் பிடிப்பாங்க தெரியுமா, தம்பி? மச்சினன். பொண்டாட்டிக்கு உடன்பிறந்தவன். அவன் கை நழுவவிட்டா அவன் அக்கா தங்கச்சிதானே தாலி அறுக்கணும்? அதனால நழுவவிட மாட்டான்."

நண்பர் என் பக்கம் திரும்பினார். "தலைவர் வீடுன்னா என்னன்னு காலையில கேட்டியளே. கயிறு பிடிச்ச வீடு."

பெரியவருக்கு அது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "பிடிச்சாங்க," என்றார். "எங்க தாத்தா சொல்லுவாரு. பங்கும் வாங்கினாங்க."

"தலைவர் வீட்டில் யாராவது குளித்தது உண்டா?" என்று கேட்டேன்.

"அவங்க எதுக்கு இறங்குதாங்க? பல்லக்கு நனைஞ்சு போகும்லா." பொக்கை வாயைத் திறந்து நெடுநேரம் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்படிச் சொல்லவும் கூடாது. ஒரு வீடு இருந்துச்சு. போய் நிக்கலாம். இப்ப மனுவை எடுத்துக்கிட்டு எந்த வாசலுக்குப் போறதுன்னு என் பேரனுக்கே தெரியல" என்றார்.

நண்பர் பேச்சை மாற்றுவதற்காக, என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அப்பா ராஜா, பிள்ளை ராஜா. தோற்ற பிறகு பிள்ளை சாதாரண ஆளாகச் சபையில் உட்கார்ந்து அடிமைகளுக்காகப் பேசி, அங்கேயே விழுந்து செத்தார் என்று. பெரியவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நீச்சல் தெரியுமா?" என்றார்.

நான் யோசித்தேன். புத்தகத்தில் அது இருந்தது. ஜனாதிபதியாக இருந்த காலத்திலேயே விடியற்காலையில் எழுந்து, நடந்து போய், பொட்டோமாக் நதியில் இறங்கி நீந்துவது அவர் வழக்கம். நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதை உரக்கச் சொன்னேன்.

"இறங்குவாரா?" என்று இன்னொரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார் பெரியவர். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, எங்கள் இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.